முப்பது ஆண்டுப் பழைய ஃபாக்ஸ்புரோ நிரல்: உள்ளே இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாடாவோட்டம் – திங்கள், இரவு 9.15

வணக்கம். நான் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பைத்தானில் ஓரளவு எழுதத் தெரியும் என்பதால் இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

உறுப்பினர் விவரம், பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) கொடுத்தது, நூல் கொடுத்தது, சேலை வரவு, கூலி, சிக்கன நிதிப் பிடித்தம் என்று சங்கத்தின் மொத்தக் கணக்கும் 1996இல் எழுதிய ஒரு டாஸ் நிரலில் ஓடுகிறது. ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதியது. எழுதியவர் காலமாகிவிட்டார். மூல நிரல் சங்கத்தில் எங்கும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரே ஒரு கணினியில்தான் இது ஓடுகிறது. அதுவும் வாரத்துக்கு இரண்டு முறை நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் வந்த மாதாந்திர அறிக்கைக்கு இப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

புதிய மென்பொருள் செய்து தர ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது, எது எதோடு சேர்கிறது என்று எழுதிக் கொடுங்கள்.

அடைவைத் திறந்தால் 143 கோப்புகள். அவற்றில் 61 டிபிஎஃப், அதாவது அட்டவணைக் கோப்புகள். மெம்பர், பாவு, நூல் என்பவை பெயரிலேயே புரிகின்றன. டி1, டி2, டிஎக்ஸ் என்று இருப்பவை புரியவில்லை. கூலி96, கூலி97 என்று ஒரு வரிசை இருக்கிறது. பாவு கோப்பைப் பைத்தானின் டிபிஎஃப்ரீட் நூலகத்தால் படித்தேன். 412 பதிவுகள் வந்தன. 29 ஆண்டுகளாகப் பாவு கொடுத்து வரும் சங்கத்தில் 412தானா? எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

கரிசல் – திங்கள், இரவு 9.50

அட்டவணைகளை லிபர்ஆபிஸ் விரிதாளில் திறந்து சேமித்து அப்படியே அந்த நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது அறுபது கோப்புதான். ஃபாக்ஸ்புரோ இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து 'பேக்' கட்டளை கொடுங்கள். குப்பை நீங்கிச் சுத்தமாகிவிடும். பழைய நிரலின் உள்ளே புகுந்து ஆராய்ந்துகொண்டிருந்தால் ஆறு மாதம் போய்விடும். சங்கத்துக்கு வேண்டியது கூலி சரியாகப் போடும் மென்பொருள். 1996இல் ஒருவர் எப்படி யோசித்தார் என்பது வேண்டியதில்லை.

மேசைவிளக்கு – திங்கள், இரவு 10.05

நாடாவோட்டம், தயவுசெய்து 'பேக்' கொடுக்காதீர்கள். இதைப் படித்தவுடன் ஒரு வரி பதில் போடுங்கள். காரணத்தை அடுத்து எழுதுகிறேன்.

நாடாவோட்டம் – திங்கள், இரவு 10.12

கொடுக்கவில்லை ஐயா. நாளைக் காலையில் செய்யலாம் என்றிருந்தேன்.

மேசைவிளக்கு – திங்கள், இரவு 10.55

நல்லது. முதலில் முழு அடைவையும் இரண்டு வட்டுகளில் நகலெடுங்கள். ஒன்றை மேலாளரின் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மற்றொன்றில் மட்டுமே வேலை செய்யுங்கள். அசலில் ஒரு பதிவைக்கூட வேறு கருவியால் சேர்க்கக் கூடாது. பதிவுகளை வரிசைப்படுத்தித் தேட உதவும் ஐடிஎக்ஸ் வகை இண்டெக்ஸ் கோப்புகள் அட்டவணையோடு தாமாகத் திறப்பதில்லை. அவற்றைத் திறக்காமல் அட்டவணையில் எதையாவது சேர்த்தால் அட்டவணை ஒரு பக்கமும் இண்டெக்ஸ் ஒரு பக்கமும் நிற்கும். பிறகு இருக்கிற பதிவையே நிரல் 'இல்லை' என்று சொல்லும்.

இப்போது அந்த 412. டிபிஎஃப் கோப்பின் தலைப்பகுதி மிக எளிமையானது, கையாலேயே படித்துவிடலாம். முதல் பைட் கோப்பின் வகை: 3 என்றால் மெமோ (நீண்ட உரைகளை வைக்கும் தனிக் கோப்பு) இல்லாத சாதாரண அட்டவணை, 245 என்றால் மெமோ உள்ள ஃபாக்ஸ்புரோ அட்டவணை, 48 என்றால் விஷுவல் ஃபாக்ஸ்புரோ. அடுத்த மூன்று பைட் கடைசியாக மாற்றிய தேதி. அடுத்த நான்கு மொத்தப் பதிவுகள், சிறிய இலக்கம் முதலில். பிறகு இரண்டு பைட் தலைப்பின் நீளம், இரண்டு பைட் ஒரு பதிவின் நீளம். 32 பைட் முடிந்ததும் ஒவ்வொரு புலத்துக்கும் (அட்டவணையின் ஒரு பத்திக்கு) 32 பைட் வீதம் பெயர், வகை, நீளம் வரும். கடைசியில் 13 என்ற ஒரு பைட்டோடு தலைப்பு முடியும்.

பாவு கோப்பின் முதல் பன்னிரண்டு பைட்டை எண்களாக எழுதி இங்கே போடுங்கள். கோப்பின் அளவையும் சொல்லுங்கள்.

நாடாவோட்டம் – செவ்வாய், காலை 10.20

நகல்கள் எடுத்தாகிவிட்டன. தேதி பைட்டுகளை விட்டுவிட்டு எழுதுகிறேன்: 3, பிறகு தேதி, பிறகு 70, 149, 0, 0, பிறகு 225, 1, பிறகு 87, 0. கோப்பின் அளவு 33,25,100 பைட்.

மேசைவிளக்கு – செவ்வாய், காலை 11.00

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 149ஐ 256ஆல் பெருக்கி 70ஐக் கூட்டினால் 38,214. அதுதான் பதிவுகளின் எண்ணிக்கை. தலைப்பு 256 கூட்டல் 225, அதாவது 481 பைட். அதில் 33ஐக் கழித்து 32ஆல் வகுத்தால் 14 புலங்கள். ஒரு பதிவு 87 பைட். 38,214ஐ 87ஆல் பெருக்கினால் 33,24,618. தலைப்பின் 481ஐயும், கோப்பு முடிவுக் குறியான ஒரு பைட்டையும் சேர்த்தால் 33,25,100. உங்கள் கோப்பு ஒரு பைட்கூடச் சிதையாமல் இருக்கிறது.

அப்படியானால் மீதி 37,802 பதிவுகள் எங்கே? ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் ஒரு கொடி. வெற்றிடமாக இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது. நட்சத்திரக் குறி இருந்தால் 'டிலீட்' செய்யப்பட்டது. ஆனால் டிலீட் செய்த பதிவு கோப்பை விட்டுப் போவதில்லை, 'ரீகால்' சொன்னால் திரும்பிவிடும். 'பேக்' சொன்னால்தான் நிரந்தரமாகப் போகும். டிபிஎஃப்ரீட் நட்சத்திரமிட்ட பதிவுகளைத் தனியே ஒதுக்கிவிடுகிறது. 'டிலீட்டட்' என்ற பண்பில் கேட்டால் அவற்றையும் தரும்.

100 பதிவில் 99 'அழிக்கப்பட்டது' என்றால் அது குப்பையாக இருக்க முடியாது. அந்தக் கொடியை அவர் வேறு எதற்கோ பயன்படுத்தியிருக்கிறார். நட்சத்திரம் உள்ளவற்றில் பத்தை எடுத்துப் பாவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கரிசல் – செவ்வாய், பகல் 12.10

'பேக்' பற்றி நான் சொன்னது தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் என் மற்றக் கருத்து அப்படியே இருக்கிறது: 61 அட்டவணையையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. எவை உயிரோடு இருக்கின்றன என்று முதலில் பிரியுங்கள்.

மேசைவிளக்கு – செவ்வாய், பகல் 12.30

அதில் முழு உடன்பாடு. அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் நகலை ஓட்டுங்கள். எல்லாக் கோப்புகளின் அப்போதைய நிலையையும் நகலெடுத்து வையுங்கள். ஒரே ஒரு சோதனைப் பாவை உள்ளிட்டு நிரலை விட்டு வெளியே வாருங்கள். இப்போது எந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றன, எத்தனையாவது பைட்டில் மாறியிருக்கின்றன என்று பாருங்கள். அடுத்து ஒரு சேலை வரவு, அடுத்து ஒரு கூலிப் பட்டியல். நிரலை எழுதியவர் இல்லாவிட்டாலும் எந்தக் கதவு எந்த அறைக்குப் போகிறது என்று நிரலே காட்டிவிடும்.

ஈரோட்டுப் பக்கம் – செவ்வாய், இரவு 8.40

நான் 1991 முதல் கிளிப்பரிலும் பிறகு ஃபாக்ஸ்புரோவிலும் எழுதியவன். இந்த இழையைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

இன்றைய தரவுத்தளம் பழகியவர்கள் அட்டவணைகளுக்கு இடையே உள்ள தொடர்பைத் தரவுத்தளத்திலேயே தேடுவார்கள். இங்கே அது கிடையாது. இந்தக் குடும்பம் முழுவதும் டிபேஸ் வழி வந்தது. வேய்ன் ராட்லிஃப் எழுதிய 'வல்கன்' நிரலை ஆஷ்டன்-டேட் நிறுவனம் டிபேஸ் 2 என்று விற்றது. அதன் மொழியைப் பின்பற்றிக் கிளிப்பர் வந்தது, ஃபாக்ஸ்பேஸ் வந்தது, அதிலிருந்து ஃபாக்ஸ்புரோ. 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2004இல் வந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9தான் கடைசி. இந்த வரிசையில் டாஸ் காலத்தில் எழுதியவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: ஒவ்வொரு அட்டவணையும் ஒரு தனிக் கோப்பு. 'இந்த உறுப்பினர் எண் அந்த அட்டவணையில் இருக்க வேண்டும்' என்று எந்தக் கோப்பும் வலியுறுத்தாது. நிரலை எழுதுபவர் இரண்டு அட்டவணைகளைத் திறந்து, ஓர் இண்டெக்ஸைப் போட்டு, 'சீக்' கொடுத்துத் தேடி எடுப்பார். தொடர்பு அவருடைய தலையிலும் நிரலிலும்தான் இருந்தது.

ஆனால் அதன் தடம் இண்டெக்ஸ் கோப்பில் பதிந்திருக்கும். எதைக் கொண்டு தேட வேண்டும் என்று அவர் நினைத்தாரோ அந்தப் புலங்களின் தொடரை இண்டெக்ஸின் தலைப்பிலேயே எழுதியிருப்பார். சாதாரண ஐடிஎக்ஸ் கோப்பில் 16ஆம் பைட்டிலிருந்து படித்தால் அது வெறும் எழுத்தாகவே தெரியும். சுருக்கப்பட்ட வகையாக இருந்தால் 512ஆம் பைட்டுக்குப் பிறகு பாருங்கள். உங்களிடம் இருக்கிற எல்லா இண்டெக்ஸ் கோப்புகளிலிருந்தும் அந்த ஒரு வரியை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். அதுதான் வரைபடம்.

இன்னொன்று. எஃப்ஆர்எக்ஸ் என்று முடியும் அறிக்கைக் கோப்புகள் இருக்கின்றனவா? ஃபாக்ஸ்புரோவில் அறிக்கையின் வடிவமும் ஓர் அட்டவணைதான். பெயர் மட்டும்தான் வேறு. பக்கத்தில் எஃப்ஆர்டி என்று அதன் மெமோ கோப்பு இருக்கும். அறிக்கையில் அச்சாகும் ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய சூத்திரம் அதில் 'எக்ஸ்பர்' என்ற புலத்தில் கிடக்கும். மூல நிரல் தொலைந்தாலும் பாதிக் கணக்கு அங்கே இருக்கும்.

நிரலையே பிரித்தெடுக்க ரீஃபாக்ஸ் போன்ற கருவிகளும் உண்டு. அதற்கு முன் 1996 ஒப்பந்தத்தில் நிரலின் உரிமை யாருக்கு என்று மேலாளரிடம் பார்க்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது.

நாடாவோட்டம் – வியாழன், இரவு 10.30

இரண்டு நாட்கள் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் அலுவலகம் முடிந்த பிறகும் உட்கார்ந்து பார்த்தேன். கிடைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நட்சத்திரம். பத்துப் பதிவுகளை எடுத்துப் பழைய பாவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். பத்தும் நெய்து முடித்த பாவுகள். தறியில் ஏறியிருக்கும் பாவு உயிரோடு இருக்கும். கடைசிச் சேலை வரவானதும் நிரல் அதற்கு நட்சத்திரம் போடுகிறது. இப்போது தறியில் இருப்பவைதான் அந்த 412. 'பேக்' கொடுத்திருந்தால் 29 ஆண்டுகளின் பாவு வரலாறு போயிருக்கும். மேசைவிளக்கு ஐயாவுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இண்டெக்ஸ் வரிகளை எல்லாம் எழுதினேன். பாவு கோப்புக்கு இரண்டு. ஒன்று பாவு எண் மட்டும். மற்றொன்றில் உறுப்பினர் எண்ணை நான்கு எழுத்தாக்கி அதன் பின்னால் பாவு தேதியை ஒட்டியிருக்கிறார். கூலி கோப்பின் இண்டெக்ஸில் பாவு எண்ணும் வார எண்ணும் இருக்கின்றன; உறுப்பினர் எண் இல்லவே இல்லை. இதைப் பார்த்தவுடன்தான் புரிந்தது: கூலி உறுப்பினரோடு நேரடியாகச் சேரவில்லை. கூலியிலிருந்து பாவுக்குப் போய், பாவிலிருந்து உறுப்பினருக்குப் போக வேண்டும். ஒருவருக்கு இரண்டு தறி இருந்தால் எந்தத் தறியின் கூலி என்று பிரிக்க இதுதான் வழி. இதைத் தெரியாமல் நான் கூலியில் உறுப்பினர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

புரியாதவை மூன்று. பாவு தேதிகளில் பல 1903, 1911 என்று இருக்கின்றன. சங்கமே அப்போது இல்லை. நூல் அறிக்கையின் சூத்திரத்தில் கட்டு எண்ணிக்கையை 4.54ஆல் பெருக்கியிருக்கிறது. உறுப்பினர் பெயர்கள் முதல் 612 பேருக்குக் கிறுக்கலாக வருகின்றன; பிறகு வந்தவர்களுக்கு ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. திரையிலும் அப்படித்தான் தெரிகிறது. எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் எண்ணை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

தெற்குத்தெரு – வெள்ளி, காலை 6.15

கணினி பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நெசவாளர் சங்கத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் இந்த இழையைக் காட்டினான்.

4.54 எங்களுக்கு மனப்பாடம். நூல் கட்டு பத்துப் பவுண்டு. பத்துப் பவுண்டு கிலோவில் ஏறக்குறைய 4.54. நூலின் நம்பரும் பவுண்டுக் கணக்குத்தான்: ஒரு பவுண்டுக்கு 840 கெஜச் சிட்டம் (நூல் சுருள்) எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். 80ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 80 சிட்டம். அதனால் அந்த நிரலில் 840 என்ற எண்ணையும் பார்ப்பீர்கள் தம்பி. கிலோ வந்து எத்தனையோ காலமாகியும் நூல் கணக்கு பவுண்டை விடவில்லை. புதிய மென்பொருள் செய்பவர்களிடம் 4.54ஐ ஓர் எண்ணாகக் கொடுக்காதீர்கள், 'கட்டு எடை' என்று பெயர் போட்டுக் கொடுங்கள். ஆலை வேறு எடையில் கட்டு அனுப்பினால் மாற்றிக்கொள்ள இடம் இருக்க வேண்டும்.

ஈரோட்டுப் பக்கம் – வெள்ளி, காலை 9.00

ஐயா சொன்னதை எந்த நிரலிலிருந்தும் நாங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. நன்றி.

1903க்கு வருகிறேன். டாஸ் ஃபாக்ஸ்புரோவில் நூற்றாண்டு காட்டாத அமைப்பில் விட்டிருந்தால் தேதியை 14/08/03 என்று அடிப்பார்கள். அது 1903 என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் கணினியின் கடிகாரத்திலிருந்து தானாக எடுக்கும் தேதி சரியாக 2003 என்று வரும். எனவே ஒரே நிரலுக்குள் இரண்டு வகைத் தேதி இருக்கும்: கையால் அடித்தவை நூறு ஆண்டு பின்னால், தானாக நிரம்பியவை சரியாக. கூலி கோப்பின் தேதியைப் பாருங்கள். பாவு அறிக்கையின் சூத்திரத்தையும் பாருங்கள். எங்காவது ஒட்டுப் போட்டிருப்பார்.

மேசைவிளக்கு – வெள்ளி, காலை 11.20

பெயர்களைப் பற்றி. 1996, டாஸ், தமிழ் என்று மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது அரசு நிறுவனமான சிடாக்கின் ஜிஸ்ட் அட்டை. கணினிக்குள் அதைச் செருகினால் டாஸ் திரையிலேயே இந்திய எழுத்துகள் தெரியும். அது சேமித்தது இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டில். டாம், டாப் என்ற தமிழ் எழுத்துருக் குறியீடுகள் 1999இல்தான் வந்தன. அவை எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பவை.

இரண்டையும் பிரித்தறிய 'செ' என்று தொடங்கும் ஒரு பெயரை எடுங்கள். வடிவக் குறியீட்டில் கொம்பு முதலில் வரும், பிறகு 'ச'. இஸ்கியில் ஒலிக்கும் வரிசைப்படி 'ச' முதலில், கொம்பு அடுத்து. பதிவேட்டில் 'செல்வம்' என்று இருக்கிற ஒருவரின் பைட்டுகள் 184, 224, 209, 232, 212, 204, 232 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், இஸ்கிதான். 184 ச, 224 கொம்பு, 209 ல, 232 புள்ளி, 212 வ, 204 ம, மறுபடியும் புள்ளி. யூனிகோடின் தமிழ்ப் பகுதியே இஸ்கியின் வரிசையைத் தழுவியது என்பதால் மாற்றுவது கடினமில்லை. ஒரு சிறிய மாற்றுப் பட்டியல் போதும்.

இதைக் கட்டாயம் செய்யுங்கள். அந்த 612 பேரின் பெயரைத் தமிழில் சரியாக எழுதித்தான் கோப்பில் வைத்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அதைப் படிக்க வழியில்லாமல் போனது கோப்பின் குற்றமில்லை.

நாடாவோட்டம் – சனி, பிற்பகல் 3.45

செல்வம் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவருக்கும் நீங்கள் எழுதிய அதே ஏழு பைட். மாற்றுப் பட்டியலை எழுதி ஓட்டினேன். 612 பெயர்களும் தமிழில் வந்துவிட்டன. உறுப்பினர் எண் 41 எங்கள் அலுவலக உதவியாளரின் தாத்தா. அவரை அழைத்துத் திரையைக் காட்டினேன். பேசாமல் நின்று பார்த்துவிட்டு, ஒரு தாளில் அச்சடித்துத் தரச் சொன்னார்.

தேதியும் ஈரோட்டுப் பக்கம் ஐயா சொன்னபடியே. கூலி தேதிகள் சரி, பாவு தேதிகள் நூறு ஆண்டு பின்னால். பாவு அறிக்கையின் சூத்திரத்தில் 'ஆண்டு 1950க்குக் கீழே இருந்தால் 1,200 மாதம் கூட்டு' என்று இருக்கிறது. அறிக்கையில் மட்டும் திருத்தியிருக்கிறார், அட்டவணையைத் தொடவில்லை. ஒரு பழைய புதிருக்கும் விடை கிடைத்தது. உறுப்பினர் பாவுப் பட்டியலில் 2000க்குப் பிந்தையவை முதலிலும் 1996 முதல் 1999 வரை உள்ளவை கடைசியிலும் வரும். பழையவற்றை அடியில் தள்ளுவது சங்கத்தின் வழக்கம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இண்டெக்ஸில் 1903 என்பது 1996க்கு முன்னால் வருவதுதான் காரணம்.

அட்டவணைகளைப் பிரித்துவிட்டேன். கரிசல் சொன்னதும் சரியாக இருந்தது. 19 அட்டவணைகள் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. டி1, டி2 வகை 19ம் அறிக்கை எடுக்கும்போது தற்காலிகமாக உருவாகுபவை; அவற்றை விட்டுவிட்டேன். மீதி 23ம் கூலி96 முதல் கூலி18 வரை, ஆண்டுக்கு ஒன்று. கூலி19 இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

ஈரோட்டுப் பக்கம் – சனி, மாலை 5.10

ஆண்டு முடிவில் கூலியைத் தனிக் கோப்புக்கு நகர்த்தும் தெரிவு மெனுவில் எங்காவது இருக்க வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து அதை யாரும் ஓட்டவில்லை. உங்கள் அறிக்கைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆவதன் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தவர் யார் என்று விசாரியுங்கள்.

நாடாவோட்டம் – திங்கள், இரவு 9.00

2019 டிசம்பரில் ஓய்வு பெற்ற எழுத்தர் அம்மாவைத் தேடி நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 31 மாலை, எல்லாரும் போன பிறகு, 9ஆம் தெரிவை அழுத்திக் கடவுச்சொல் கொடுத்து இரவு முழுக்க ஓட விட்டு வருவாராம். 'போகும்போது சொல்லிவிட்டுத்தான் வந்தேன்' என்றார். சொன்னதைக் கேட்டுக்கொண்டவர் யார், அவர் எங்கே மாற்றலாகிப் போனார் என்பது வேறு கதை.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். பேரேட்டில் மாதந்தோறும் சிக்கன நிதிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'மு.வி.' என்று போட்டு இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று எழுதியிருக்கும். முழுமையாக்கிய வித்தியாசம் என்றார். ரூபாய்க்கு எட்டுக் காசு வீதம் பிடித்தம்; நிரல் ஒவ்வொரு வாரக் கூலிக்கும் தனியே கணக்கிட்டு முழு ரூபாயாக்குகிறது. ஒரு வாரம் 1,285 ரூபாய் என்றால் 102.80, அது 103 ஆகும். அடுத்த வாரம் 1,132 என்றால் 90.56, அது 91. இரண்டும் சேர்ந்து 194. ஆனால் மொத்தக் கூலி 2,417க்குப் போட்டால் 193.36, அதாவது 193. தணிக்கைக்கு வருபவர் மொத்தத்துக்குத்தான் போட்டுப் பார்ப்பார். அந்த ஒரு ரூபாயை விளக்க 22 ஆண்டுகள் கையால் கணக்குப் போட்டு ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார் அந்த அம்மா. எந்தக் கோப்பிலும் இல்லாத ஒரு புலம் அந்தப் பென்சில் எழுத்து. புதிய மென்பொருளின் தேவைப் பட்டியலில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

கரிசல் – திங்கள், இரவு 9.40

ஏற்றுக்கொள்கிறேன். விரிதாளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் தறியில் இருக்கும் பாவு மட்டும் போயிருக்கும், அதிலும் 1911ஆம் ஆண்டுத் தேதியோடு. ஒரு யோசனை சொல்கிறேன்: உங்கள் புரிதல் சரிதானா என்று சோதிக்க, பழைய நிரல் அச்சடித்த ஒரு மாத அறிக்கையை எடுங்கள். நீங்கள் கண்டுபிடித்த தொடர்புகளை மட்டும் வைத்து அதே அறிக்கையைப் பைத்தானில் எடுங்கள். ரூபாய் பைசா வரை பொருந்த வேண்டும். பொருந்தாத இடத்தில் இன்னும் ஏதோ புரியவில்லை என்று பொருள்.

நாடாவோட்டம் – வியாழன், இரவு 11.20

ஏப்ரல் மாத அறிக்கையை எடுத்துக்கொண்டேன். 387 உறுப்பினர்கள். முதல் முறை 341 பேருக்குப் பொருந்தியது. இரண்டு தறி வைத்திருப்பவர்களுக்கு நான் ஒரு பாவை மட்டுமே எடுத்திருந்தேன். அதைத் திருத்தியதும் 386 பேருக்குப் பைசா சுத்தமாகப் பொருந்தியது. ஒரே ஒருவருக்கு மட்டும் சிக்கன நிதியில் மூன்று ரூபாய் குறைகிறது. கூலி சரி, பாவு சரி, வாரங்களும் சரி. மூன்று நாட்களாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மேசைவிளக்கு – வெள்ளி, காலை 7.30

அவருடைய வாரக் கூலி எவ்வளவு?

நாடாவோட்டம் – வெள்ளி, காலை 9.35

ஒரே ரகம் நெய்கிறார். மூன்று வாரங்களும் 1,256.25.

மேசைவிளக்கு – வெள்ளி, காலை 9.50

1,256.25க்கு எட்டுக் காசு வீதம் சரியாக 100.50. ஃபாக்ஸ்புரோவின் 'ரவுண்ட்' அரையை மேலே தள்ளும்; 101 வரும். பைத்தானின் 'ரவுண்ட்' சரியாக அரையில் நின்றால் பக்கத்தில் இருக்கும் இரட்டை எண்ணுக்குப் போகும், 100 வரும். மூன்று வாரம், மூன்று ரூபாய். 101.50 ஆக இருந்திருந்தால் இரண்டும் 102 என்று சொல்லியிருக்கும். உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. பைத்தானில் எண்களைத் தசமமாகவே வைக்கும் டெசிமல் வகைக்கு மாற்றி, அரையை மேலே தள்ளும் முறையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். புதிய மென்பொருள் எந்த மொழியில் வந்தாலும் இந்த ஒரு வரியை அவர்களிடம் எழுதியே கொடுங்கள்.

நாடாவோட்டம் – வெள்ளி, பகல் 1.15

387ம் பொருந்திவிட்டன.

திங்கட்கிழமை அந்த நிறுவனத்தார் வருகிறார்கள். 19 அட்டவணைகளின் வரைபடம், இண்டெக்ஸ் வரிகள், மாற்றிய 612 பெயர்கள், தேதித் திருத்தம், கட்டு எடை, முழுமையாக்கும் முறை எல்லாவற்றையும் பதினோரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன். பாவு அட்டவணையில் நட்சத்திரக் கொடிக்கு 'பாவு இறங்கியது' என்று பெயர் கொடுத்திருக்கிறேன். தறியில் வேலை செய்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுத்தர் அம்மாவும் திங்கட்கிழமை வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தெற்குத்தெரு – வெள்ளி, மாலை 6.00

வருகிறவர்களை முதலில் ஒரு தறிவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. பாவு ஏறுவதையும் இறங்குவதையும் ஒரு முறை பார்த்துவிட்டு அந்தப் பதினோரு பக்கத்தைப் படிக்கட்டும்.